முதல் வரிசைக் கொடிகள்

சாறு சிவப்பாக இருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிவப்பு ஒயினுக்கென்று வளர்க்கிற திராட்சை, சிவப்பாக இல்லாமல் பச்சையாகவா இருக்கும்? ஆனால் உமா மகேஸ்வரிக்கு அந்த வித்தை அத்துப்படி. மூன்று வருடமாக அவள் புருஷன் ரவி சோற்றுக்கு முன்னாலும் பின்னாலும் இதைத்தான் பாடம் நடத்துகிறான். தோல் எவ்வளவு கறுத்தாலும் உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும், பிழிந்தால் நுங்குத் தண்ணீர் மாதிரி வரும், நிறம் மொத்தமும் தோலில்தான், தோலோடு சேர்த்து நாள்கணக்கில் ஊறப்போட்டால்தான் ஒயின் சிவக்கும். மற்ற வரிசைகளில் எல்லாம் அப்படித்தான் வந்தது. முதல் வரிசையில் மட்டும், அவள் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிய பழத்திலிருந்து கெட்டியாக, சிவப்பாக ஒன்று மணிக்கட்டு வரைக்கும் ஓடியது.

சூடாகவும் இருந்தது.

மாசி மாதம், காலை ஆறரை மணி. இலையெல்லாம் பனி. பழத்தோல் விரலைக் கடிக்கிற குளிர்ச்சி, பந்தல் கம்பி அதைவிட மோசம். அந்தக் குளிருக்குள்ளிருந்து வந்தது மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றிச் சூட்டில் இருந்தது. உமா கையை உதறினாள். துப்பட்டாவில் துடைக்கப் போனவள் மனம் வராமல் ஒரு இலையைப் பறித்துத் துடைத்தாள். முகர்ந்து பார்த்தபோது பழ வாசனையே இல்லை. துருப்பிடித்த வாளியிலிருந்து தண்ணீர் குடித்தால் நாக்கில் ஒன்று தங்குமே, அந்த நெடி.

"சனியன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் கவனித்தாள், முதல் வரிசையில் சத்தமே இல்லை. மற்ற வரிசைகளுக்கு வலை கட்டியிருந்தார்கள். வலைக்கு மேலே கிளிகளும் மைனாக்களும் ஒரே ரகளை, ஓட்டை கிடைத்த இடத்தில் உள்ளே புகுந்து கொத்தித் தள்ளின. முதல் வரிசைக்கு வலை போதவில்லை என்று ரவி அப்படியே விட்டிருந்தான். கொடிக்குக் கொடி கறுத்த குலைகள், இலைபோட்டுப் பரிமாறிய பந்தி மாதிரி திறந்து கிடந்தன. ஒரு பழத்தில்கூட கொத்திய தடம் இல்லை. குளவி இல்லை. எறும்புகூட இல்லை. அவள் பழங்களைப் பொறுக்கிய கிண்ணத்தோடு வீட்டுக்கு நடந்தாள், நடையில் கொஞ்சம் ஓட்டமும் கலந்திருந்தது.

முட்டைகூட ஏறாத வீட்டில் சாராயப் பழம் போடுகிறான் என்று தென்காசியிலும் இலஞ்சியிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் வாய் வலிக்கச் சிரித்துத் தீர்த்திருந்தார்கள். ரவி அசரவில்லை. நாசிக் பக்கம் பெரிய பெரிய தோட்டங்களைப் பத்து வருடம் பார்த்துக்கொண்டவன். குற்றாலத்தில் சாரல் கொட்டினாலும் கீழப்பாவூருக்குக் கிழக்கே இருக்கிற இந்தச் செம்மண் காட்டில் ஒரு தூறல் விழாது, பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நல்ல குளிர், சரளையில் தண்ணீர் நிற்காது, இதைவிட ஒயின் திராட்சைக்கு என்ன வேண்டும் என்று பூர்வீக நிலத்தில் நட்டுவிட்டான். முதல் வருடம் காய் நிறமே ஏறவில்லை. இரண்டாம் வருடமும் ஏறவில்லை. இந்த வருடம் ஏறியிருக்கிறது. நாளை விடிகாலை அறுவடை, பெங்களூரிலிருந்து லாரி புறப்பட்டாயிற்று.

ரவி சாப்பாட்டு மேசையில் காலை நீட்டிப் போட்டபடி உட்கார்ந்திருந்தான். வலது கெண்டைக்காலில் கட்டு. பத்து நாளுக்கு முன் முதல் வரிசையில் களை எடுக்கும்போது மண்வெட்டி வழுக்கி விழுந்த காயம். ஆறு தையல் போட்டும் மூடவில்லை. உமா கிண்ணத்துப் பழங்களை ஒரு டம்ளரில் பிழிந்து அவன் முன்னால் வைத்தாள்.

"அத்தான், இதப் பாருங்க. சாறே செவப்பா வருது."

"சில ரகத்துல அப்படி வரும்டி."

"இது அந்த ரகமா?"

அவன் பதில் சொல்வதற்குள் லாரிக்காரனின் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் நொண்டி நொண்டிப் போனான். உமா இட்லிக்குச் சட்னி தாளித்து முடித்துத் திரும்பினாள். டம்ளருக்குள் சாறு அசையாமல் இருந்தது. லேசாகச் சாய்த்தாள், விழவில்லை. இன்னும் சாய்த்தாள். உறைந்துபோன ஒரு கட்டி டம்ளரின் ஓரத்தைவிட்டுச் சற்று நகர்ந்தது. சுற்றிலும் மஞ்சளாகத் தண்ணீர் பிரிந்து நின்றது. அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

ரவி திரும்பி வந்து டம்ளரைப் பார்த்தான். ஆள்காட்டி விரலால் கட்டியை வழித்து வாயில் வைத்துச் சப்பினான். நாக்கைச் சுழற்றிக் கண்ணை மூடினான். தோட்டக்காரர்கள் ருசி பார்த்துத்தான் அறுப்புக்கு நாள் குறிப்பார்கள், அது அவளுக்கும் தெரியும். ஆனால் ருசி பார்க்கிறவன் முகம் இப்படி இருக்காது. இது பசித்தவன் முகம்.

"முதல் வரிச மாதிரி எல்லா வரிசையும் வந்திருந்தா எங்கேயோ போயிருப்போம்," என்றான். பல்லெல்லாம் சிவப்பு.

முதல் வரிசை ஏன் அப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். போன சித்திரையில் நடந்தது.

தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில், முதல் வரிசையை ஒட்டி மாடசாமியின் பீடம் இருக்கிறது. வருடா வருடம் கொடைவிழா. கிடா வாங்கித் தருவது ரவியின் குடும்பம், வெட்டுவது இசக்கிதுரையின் குடும்பம், இது தலைமுறை தலைமுறையாக நடப்பது. இசக்கிதுரை பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், அறுபதை நெருங்குகிறவர், ரவியின் தோட்டத்துக்கு மேற்பார்வையும் அவர்தான். நிலக்காரர் வீடு சைவம் என்பதால் வெட்டுக்கு முன்னால் ஒரு முறை உண்டு. திருநீறு வாங்கிக்கொண்டு, தள்ளியிருக்கிற வேப்பமரத்தடியில் பீடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஆள் வந்து கூப்பிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உமா கொடையைக் காதால்தான் பார்த்திருக்கிறாள். மேளம் சட்டென்று நிற்கும். தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு ஒரு அமைதி, சில வருடம் ஒரு நிமிடம், சில வருடம் கால் மணி நேரம், அத்தனை கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கும். பிறகு படபடவென்று ஒரு உதறல், கூடவே கழுத்துமணி. உடனே பெண்களின் குலவை. குலவைக்கு நடுவில் கனமாக ஒன்று விழும். தண்ணீர் எதற்கு என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கழுவுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், அதற்குமேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

போன சித்திரையில் ரவி பீடத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைக்கச் சொன்னான். கவாத்து வெட்டி முடித்து, கொடிகளுக்கு எரு வைக்கிற சமயம் அது. நாசிக்கில் ரத்தத்தூளை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கிப் போடுவோம், இங்கே சும்மா மண்ணில் ஊறிப் போகிறது என்பது அவன் கணக்கு.

"அது அவன் பங்கு தம்பி," என்று இசக்கிதுரை அன்றைக்கே சொன்னார். "அந்த மண்ணுல விழணும். அங்கன இருந்து ஒரு சொட்டு நவுளக் கூடாது."

"மண்ணுலதான் அண்ணாச்சி விழப்போவுது. பத்தடி தள்ளி விழும். அவ்வளவுதானே?"

கிடா வாங்கிக் கொடுத்தவன் சொல்லும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்? தொட்டி நிறைந்தது. வேலையாள் வேல்சாமி அதைத் தண்ணீரில் கலந்து முதல் வரிசையின் தூர்களில் ஊற்றினான். பீடத்து மண் அந்த வருடம் காய்ந்தே கிடந்தது.

ஐப்பசிக் கவாத்தில், தோட்டத்தில் வேலை பார்க்கிற முத்துலட்சுமியின் விரல் போயிற்று. பல தோட்டங்களில் இருபது வருடமாகக் கத்தரி பிடித்த கை. கொடியை வெட்டுவதாக நினைத்துத் தன் மோதிரவிரலை வெட்டியிருக்கிறாள், வெட்டிய பிறகும் கத்தரியை விடாமல் அடுத்த விரலை அதற்குள் வைத்திருக்கிறாள். பக்கத்தில் நின்றவள் பறித்து எறிந்ததால் ஒன்றோடு போயிற்று. விழுந்த துண்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மார்கழியில் வேல்சாமி கம்பியை முறுக்கும்போது கம்பி அறுந்து அவன் முகத்தில் வீசியது. கன்னம் பிளந்து கடைவாய்ப் பல் வரைக்கும் வெளியே தெரிந்தது. அவன் குடம் குடமாக ரத்தம் சிந்தினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உமா மண்ணைக் கழுவிவிட வாளியோடு ஓடியபோது அங்கே கழுவ ஒன்றுமில்லை, புழுதி பறந்தது. அப்புறம் ரவியின் கால். எல்லாமே முதல் வரிசை. இதற்கு மேலும் ஒருத்திக்கு என்ன சாட்சி வேண்டும்? ரவியை உயிரோடு இந்தத் தோட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும், உமாவுக்கு இப்போது இருந்த கவலை அது ஒன்றுதான். திராட்சையும் லாரியும் நாசமாய்ப் போகட்டும்.

பத்து மணிக்கு இசக்கிதுரை வந்தார். கையில் ஒரு ரெக்ஸின் பை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, முற்றத்திலேயே நின்றார். கண் இரண்டும் சிவந்து, தூங்கி எத்தனை நாளோ.

"நா செங்கோட்டைக்கு மக வீட்டுக்குப் போறேம்மா. இனி இந்தப் பக்கம் வர மாட்டேன்."

"நாளைக்கு அறுப்பு இருக்கே அண்ணாச்சி?"

"அதான் போறேன்." அவர் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "ராத்திரி முழிச்சுப் பாத்தா அங்கன நிக்கேன்மா, முதல் வரிசையில. எப்படிப் போனேன்னு தெரியல. நாலு நாளா இதே கத. வீட்டுல கெடந்த அரிவாள எல்லாம் கெணத்துல வீசிட்டேன். அவன் பட்டினி கெடக்கான். கேக்குதான். யாரு எடுத்தாவளோ அவுககிட்டதான கேப்பான்?"

உமா திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள்.

"தம்பியக் கூட்டிட்டு இன்னைக்கே போயிருங்க. நீங்களா போனாத் தடுக்க மாட்டான். உத்தரவு இல்லாம அவன் உசுரத் தொட மாட்டான், அது ஒண்ணுதான் நமக்குத் தெம்பு. பொழுது அடையதுக்குள்ள போயிருங்க தாயி."

உத்தரவு என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அவர் பாவூர்சத்திரம் பஸ்ஸுக்கு நடக்கிறவரைக்கும் வாசலில் நின்று பார்த்தாள், தலை மறைந்ததும் ஒரு பாரம் இறங்கியது. வெட்டுகிற கை ஊரைவிட்டே போய்விட்டது. இனி இந்த மனுஷனைக் கிளப்ப வேண்டியதுதான் பாக்கி.

அது லேசில் முடியவில்லை. அழுதாள். சண்டை போட்டாள். மத்தியானம் சோறு போட மாட்டேன் என்றாள், எனக்கும் பசியில்லை என்றான், அது அவளை இன்னும் பயமுறுத்தியது. மூன்று மணிக்கு அவன் நெற்றி கொதித்தது. கட்டு நனைந்து பழுப்பாகியிருந்தது. அதைக் காட்டி, தென்காசியில் டாக்டரிடம் காட்டிவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடலாம், அறுப்பை முத்துலட்சுமி பார்த்துக்கொள்வாள் என்று பொய் சொன்னாள். திரும்புகிற எண்ணம் அவளுக்கு இல்லவே இல்லை.

"சரி, அஞ்சு மணிக்குக் கெளம்புவோம்," என்றான் ரவி.

அப்பாடா என்றிருந்தது. இரண்டு பேருக்கும் துணி எடுத்து வைத்தாள், அடுப்பை அணைத்தாள், ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி ஹார்ன் அடித்தாள். வீடு திறந்து கிடந்தது. ரவி வரவில்லை. இரண்டாவது முறை அடித்தாள். உள்ளே போய்ப் பார்த்தாள், கட்டில் காலி, பின்வாசல் கதவு காற்றில் ஆடியது. பழத்தின் சர்க்கரையை அளக்கிற கருவி மேசையில் இல்லை.

கடைசியாக ஒரு தடவை அளந்து பார்க்கப் போயிருக்கிறான். பாவி மனுஷன்.

போன் போட்டாள். தூரத்தில், தோட்டத்தின் கிழக்குக் கோடியிலிருந்து, அவன் போன் அடிப்பது கேட்டது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உமா ஓடினாள்.

பொழுது மேற்கே மலைக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது. மற்ற வரிசைகளில் இன்னும் மஞ்சள் வெயில் மிச்சமிருந்தது, வலைகளின் மேல் பறவைகள் கடைசி நேரச் சண்டையில் இருந்தன, செம்மண் பகல் சூட்டை விட்டுக்கொண்டிருந்த வாசனையும் பழுத்த பழத்தின் தித்திப்பும் கலந்து வந்தன. ஒவ்வொரு வரிசையாகக் கடந்து கிழக்கே போகப் போக அந்தத் தித்திப்பு குறைந்து, வாளியின் துரு நெடி ஏறி, கடைசியில் அது மட்டும்தான் இருந்தது. முதல் வரிசைக்குள் வெளிச்சம் நுழையவில்லை. இரண்டு பக்கமும் இலைகள் தடித்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, கறுத்த குலைகளின் பாரத்தில் கம்பிகள் தொய்ந்து தொங்கின. உமா குனிந்து உள்ளே போனாள். குலைகள் தோளில் உரசின. வெதுவெதுப்பாக இருந்தன. ஆட்டுக்குட்டியின் வயிறு உரசுகிற மாதிரி.

"அத்தான்."

இன்னும் உள்ளே போனாள்.

வரிசையின் நடுவில், ஒரு கல்தூணில் சாய்ந்து ரவி உட்கார்ந்திருந்தான். காலை நீட்டியிருந்தான். கட்டை அவனே அவிழ்த்திருக்க வேண்டும், பாண்டேஜ் துணி பக்கத்தில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தையல் வாய் பிளந்திருந்தது. ரத்தம் விட்டுவிட்டு வழிந்து குதிகாலில் சொட்டியது. கீழே மண் காய்ந்திருந்தது. சொட்டு விழும்போதெல்லாம், வறண்ட பூந்தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் வருமே, உறிஞ்சுகிற அந்தச் சின்னச் சத்தம். அது மட்டும் கேட்டது.

உமா துப்பட்டாவைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். முடியவில்லை. அவன் தலை முன்னால் தொங்கியது. கண் செருகியிருந்தது. கன்னத்தில் அறைந்தாள்.

"எந்திரிங்க. அத்தான், எந்திரிங்க! கார் நிக்கு. ரெண்டு நிமிசம். நடந்துருங்க."

மயங்கிக் கிடப்பவனை எழுப்ப எந்தப் பெண்ணும் என்ன செய்வாளோ அதைத்தான் உமாவும் செய்தாள். பாட்டிலைத் திறந்து அவன் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் விழுகிற சத்தம்.

பிறகு அமைதி. வலை மேல் ஒரு பறவை இல்லை. ஒரு இலை அசையவில்லை. தோட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்த அமைதி அவளுக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முதுகால் கேட்ட அமைதி.

ரவி விழித்தான். தலையைப் படபடவென்று உதறினான். தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது.

"உமா?" என்றான்.

அவளுக்குப் பின்னால் யாரோ விம்மினார்கள்.

திரும்பினாள். இசக்கிதுரை. செருப்பில்லாத கால், நடந்து நடந்து பாதம் கிழிந்திருந்தது. ரெக்ஸின் பை இல்லை. கையில் மாடன் பீடத்துக்கு முன்னால் நட்டு வைத்திருக்கிற நேர்த்திக்கடன் அரிவாள், அவர் மார்பு உயரம், துருவேறி, கருக்கே இல்லாதது.

"தண்ணிய யாரும்மா ஊத்துனது?"

"நான்தான் அண்ணாச்சி. மயங்கிட்டாவ."

"ஏம்மா ஊத்துனிய?" அவர் குழந்தை மாதிரி அழுதார். "கிடா தலையில தண்ணி ஊத்திட்டுக் காத்துக் கெடப்போம். அது தலைய உதறித் துளுக்கணும். துளுக்குனாத்தான் உத்தரவு. துளுக்காத வரைக்கும் அவன் தொட மாட்டான், எத்தன நாளானாலும் தொட மாட்டான். இத்தன நாளு அதனாலதான நின்னான். நீங்களே ஊத்திட்டியளே தாயி."

உமா பாட்டிலைப் போட்டுவிட்டு இருவருக்கும் நடுவில் வந்தாள்.

"பஸ் ஏறிட்டேன்மா. இலஞ்சி தாண்டிட்டேன். எப்ப எறங்குனேன்னு தெரியல. இது எப்பக் கைக்கு வந்துச்சுன்னு தெரியல. என் கையப் பிடிச்சுக்கிடுங்க. பிடிச்சுக்கிடுங்கம்மா!"

பிடித்தாள். இரண்டு கையாலும் தொங்கினாள். ஒரு நாற்காலியை நகர்த்துகிற மாதிரி அவர் அவளை நகர்த்தினார். அவள் ரவியின் மேல் விழுந்து மறைத்தாள். தலைமுடியைப் பிடித்து அவளை அப்பால் எறிந்தார். கணுக்கால் கல்தூணில் மோதி உள்ளே ஏதோ முறிந்தது.

"அண்ணாச்சி!" என்றான் ரவி. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கொடையில் ஒரே வெட்டு. அதுதான் முறை. ஆனால் இந்த அரிவாள் வெட்டுவதற்கென்று அடித்ததில்லை. முதல் அடி தோளில் இறங்கியது. அறுக்கவில்லை, உடைத்தது. ரவி கையை உயர்த்தினான். இரண்டாவது அடியில் அந்தக் கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. மூன்றாவது கழுத்தில். நான்காவது கழுத்தில். உமா ஊர்ந்து போய் இசக்கிதுரையின் காலைக் கடித்தாள். பல் இறங்கியது. அவர் உணரவே இல்லை. ஐந்தாவது. அவர் அழுதுகொண்டே, "மன்னிச்சிரு தம்பி, மன்னிச்சிரு தம்பி," என்று ஒவ்வொரு ஓங்கலுக்கும் சொன்னார். ரவியின் குதிகால் மண்ணை உதைத்தது. உதைத்தது. ஆறாவது. நின்றது.

கம்பிகள் நடுங்கின. இலைகளில் தெறித்தது இலைகளிலேயே இறங்கிப்போயிற்று. ரவியின் உடம்பு, காற்று இறங்குகிற மாதிரி, கண்ணெதிரில் வெளுத்துக்கொண்டே வந்தது. மண்ணில் ஒரு துளி ஈரம் இல்லை.

உமா கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்துத் தோட்டம் அரை மைல் தள்ளி. கத்த முடியாமல் போனபோது கல்தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் நகரவில்லை.

இசக்கிதுரை கீழே கிடந்த பாட்டிலை எடுத்தார். குலுக்கிப் பார்த்தார். கால் பாகம் இருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஒண்ணு பத்தாதுங்கான்மா," என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நொண்டி நொண்டி வந்தார். அவள் தலையை ஒரு கையால் மெதுவாகத் தொட்டு நிமிர்த்தினார். ஊற்றினார்.

உச்சியில் விழுந்தது. வகிட்டில் பிரிந்தது. ஒரு பாதி நெற்றி வழியாக இமைக்கு வந்து நின்றது. மறுபாதி பிடரியில் இறங்கி, சட்டைக்குள் புகுந்து, முதுகெலும்பு வழியாக ஒவ்வொரு கணுவாக இறங்கியது. குளிர்ந்த தண்ணீர்.

அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். அரிவாளை மண்ணில் ஊன்றிக்கொண்டார். அவசரமே இல்லாத உட்காரல்.

"அசையாதிய தாயி," என்று கெஞ்சினார். "என்ன வந்தாலும் அசைஞ்சிராதிய. விடியிற வரைக்கும் அப்படியே இருந்துருங்க. ஆள் வந்துரும். என்னால எந்திரிச்சுப் போவ முடியல. அசையாதிய."

உமா பல்லைக் கடித்தாள். தோள்களை இறுக்கினாள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி மார்புவரை வந்தது. அதை அங்கேயே பிடித்து நிறுத்தினாள். இமையில் நின்ற துளி கண்ணுக்குள் இறங்கியது. இமைக்கவில்லை. இருட்டிவிட்டது. எதிரில் அவர் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

தூரத்தில், மேற்கே, செங்கோட்டைக் கணவாயின் குளிர்ந்த ராத்திரிக் காற்று இறங்கத் தொடங்கியது. கடைசி வரிசையின் வலை படபடத்தது. பிறகு அதற்கு முந்தினது. பிறகு நடு வரிசைகள், ஒவ்வொன்றாக. பிறகு நான்காவது.

மூன்றாவது.

இரண்டாவது.